தென்பெண்ணை பிறக்கும் இடத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்

மூங்கில்துறைப்பட்டு வழியாக ஓடும் தென்பெண்ணை, கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி நம்மிடம் வருகிறது. அந்த நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் அருகே, 1988-ல் குரோவர் குடும்பத்தினர் ஒயினுக்கான திராட்சைக் கொடிகளை நட்டனர். குடும்பத் தொழிலாகத் தொடங்கிய அது 2012-ல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து பெரிதாகிவிட்டது. தோட்டத்தையும் ஆலையையும் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியாருக்குச் சுற்றிக்காட்டும் வழக்கம் அங்கே உண்டு. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் நம் விவசாயி இதைக் கவனிக்க வேண்டும். விளைந்ததை விற்பதோடு, விளையும் இடத்தைக் காட்டியும் அவர்களுக்கு வருமானம் வருகிறது.

சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு என்ன காட்டுகிறார்கள்? ஒயின் திராட்சை, நாம் சந்தையில் வாங்கும் பழம் போலப் பெருத்திருக்காது. சிறியது, தோல் தடித்தது. பழத்தை நசுக்கித் தொட்டியில் விட்டால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத சாராயச் சத்து உண்டாகும். சிவப்பு ஒயினுக்குத் தோலையும் சேர்த்தே ஊறவிடுவார்கள். நிறம் தோலில்தான் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்துவிடுவார்கள். முக்கால் லிட்டர் புட்டி ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பழம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பானையை ஏற்ற வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அடைத்த அறையில் தேங்கும் கரியமில வாயுவும் ஆளைக் கொல்லும். பாழுங்கிணற்றில் இறங்கி மூச்சடைத்து விழுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

எனவே நமக்கு ஆகக்கூடியது மது அல்ல, விருந்தாளிதான். வெளிநாடுகளில் சில சிறு ஒயின் தோட்டங்கள், செடி கொடிகளைத் துல்லியமாக வரைந்த படங்களையும் ஒரு கூடத்தில் மாட்டி வைக்கின்றன. குடிக்காதவரும் பெண்டு பிள்ளைகளும் அதைப் பார்த்து நிற்பார்கள். நம் கல்வராயன் மலைக்கும் இந்தச் செல்வம் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் தாவர நிலையத்தில் பணியாற்றிய பாதிரியார் கே. எம். மாத்யூ, கல்வராயன் உட்பட நம் மலைகளில் செடிகளைச் சேகரித்து, 1982-ல் அவற்றின் கோட்டோவியங்களைப் பெரும் நூலாகவே வெளியிட்டார்.

கடுக்காய், புளி, சீத்தா எனத் தம் நிலத்தில் உள்ளதை விவசாயிகளும் வரைந்து வைக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையே போதும். இலை, பூ, காய், விதை நான்கையும் அதே அளவில் வரையச் சொல்லுங்கள். பூவை நெடுக்காக வெட்டி உள்ளமைப்பையும் தனியே வரைய வேண்டும். புகைப்படத்தில் இது எளிதில் அமையாது. படத்தின் கீழே ஊர் வழக்குப் பெயர், பறித்த இடம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பூக்கும் பருவம் தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும்.