காற்றுக் கைத்துப்பாக்கி: தேர்வும் மாற்றங்களும்

காற்றுக் கைத்துப்பாக்கி (ஏர் பிஸ்டல்) என்பது அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டு 4.5 மி.மீ. ஈயக் குண்டைச் செலுத்தும் விளையாட்டுத் துப்பாக்கி ஆகும். 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை, நின்றபடி, ஒரு கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும். இலக்கின் 10 புள்ளி வட்டம் 11.5 மி.மீ. விட்டம் உடையது, ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறத்தாழ பாதி.

தேர்வு

பன்னாட்டு விதிகளின்படி துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. 420 × 200 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். ஸ்டெயர், மோரினி, வால்தர், பெய்ன்வெர்க்பாவ் போன்ற போட்டித் துப்பாக்கிகள் எல்லாமே பெரும்பாலான வீரர்களின் கையைவிடத் துல்லியமானவை. எனவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பிடி தம் கைக்குப் பொருந்துகிறதா என்பதையே. பழைய துப்பாக்கி என்றால் காற்று உருளையில் பொறித்த தேதியையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகள் கடந்த உருளையைப் போட்டியில் பயன்படுத்த முடியாது. அது பாதுகாப்பும் அன்று.

பிடியைச் செதுக்குதல்

செய்யக்கூடிய மாற்றங்களில் மிகுந்த பலன் தருவது இதுவே. காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 33 செ.மீ. இருந்தால், முன்குறி 1 மி.மீ. விலகும்போது குண்டு இலக்கில் சுமார் 30 மி.மீ. விலகும். பத்தில் பட வேண்டியது ஏழில் படும்! பொருந்தாத பிடி ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருகி இந்த விலகலை உண்டாக்குகிறது.

சோதிக்கும் முறை இது: குண்டு இல்லாத துப்பாக்கியைக் கண்களை மூடிக்கொண்டு உயர்த்தி, பிறகு கண்களைத் திறக்க வேண்டும். முன்குறி பின்குறிப் பள்ளத்தின் நடுவில் தெரியாவிட்டால் பிடியில் குறை உள்ளது. கை அழுந்தும் இடத்தை உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். இடைவெளி உள்ள இடத்தை மரப்பசை மாவால் நிரப்பலாம். ஒரே நாளில் முடிக்க நினைப்பது தவறு. தேய்த்த மரம் திரும்ப வராது.

உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகை, பிடியோடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும். அது மேல்நோக்கி வளையவோ மணிக்கட்டைத் தாங்கவோ கூடாது.

விசை

விசையை (டிரிக்கர்) இழுக்கத் தேவையான எடை குறைந்தது 500 கிராம். போட்டிக்கு முன் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அப்போது அது விடுபடக்கூடாது. சரியாக 500இல் வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பது நல்லது. திருகாணிகளைத் திருப்பிச் சரிசெய்தால் போதும். உட்பாகங்களை அராவி மெருகேற்றுவது பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச்சுற்றின் நடுவே பழுதடைந்தது. பல நிமிடங்களை இழந்த அவர் 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்று, இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனார். 2024 பாரிசில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். உயர்தரக் கருவிக்கும் இது நேரும் என்பதால், எந்த மாற்றத்தையும் பயிற்சிக் காலத்திலேயே செய்து, சில நூறு குண்டுகளாவது சுட்டுப் பார்க்க வேண்டும்.