மறையும் சூரியனுக்கு முதல் அர்க்கியம்: சத் பூஜையின் பொருளும் வழக்கங்களும்

உதிக்கும் சூரியனை வணங்குவது நாடெங்கும் உள்ள வழக்கம். பீகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப் பிரதேச மக்கள் கொண்டாடும் சத் பூஜையிலோ மறையும் சூரியனுக்கே முதல் அர்க்கியம் அளிக்கப்படுகிறது.

தீபாவளிக்குப் பின்வரும் வளர்பிறைச் சஷ்டியே இதன் முதன்மை நாள். சூரியனோடு சஷ்டி தேவியும் 'சத்தி மையா' என வணங்கப்படுகிறாள். விரதம் நான்கு நாள்கள் நீடிக்கும். இரண்டாம் நாள் மாலை வெல்லப் பாயசமும் ரொட்டியும் உண்டபின், ஏறத்தாழ 36 மணி நேரம் தண்ணீர்கூட அருந்துவதில்லை. பெரும்பாலும் பெண்களே இவ்விரதம் இருப்பர், ஆண்களும் உண்டு.

மூன்றாம் நாள் மாலை, மூங்கில் முறத்தில் கரும்பு, தேங்காய், வாழைப்பழம், கோதுமை மாவும் வெல்லமும் கலந்து பொரித்த தேக்குவா ஆகியவற்றை ஏந்தி நீரில் நின்று அர்க்கியம் அளிப்பர். மறுநாள் சூரிய உதயத்தில் மீண்டும் அளித்து விரதம் முடிப்பர். இதற்குப் புரோகிதர் தேவையில்லை. நீர்நிலை கட்டாயம் தேவை.

பிழைப்புக்காக டெல்லியில் குடியேறியோருக்கு அதுவே சிக்கலானது. யமுனைக் கரையில் பூஜை நடத்த அனுமதி கோரிய மனுவை, ஆற்று மாசைக் காரணம் காட்டி 2024 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதனால் அவ்வாண்டு பலர் குடியிருப்புப் பகுதிகளில் தற்காலிகமாக அமைக்கப்பட்ட செயற்கைக் குளங்களில் நின்றே அர்க்கியம் அளித்தனர்.