மூடி ஏன் வீங்கியது?

எங்கள் தெருவில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் மாங்காய்த் தொக்குத் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தனர். ஒரு கோடையில் கடைக்காரர் 40 பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிலவற்றில் மூடி வீங்கியிருந்தது. சிலவற்றில் தொக்கின்மேல் வெண்ணிற ஆடை படர்ந்திருந்தது. குழுத் தலைவி ஒரு பாட்டிலை என்னிடம் கொண்டுவந்தார்.

“உப்பு குறையலையே, சார்! எங்கம்மா காலத்திலேருந்து இதே அளவுதான்” என்றார். குரல் தழுதழுத்தது. அவர்கள் போட்ட முதல் அனைத்தும் அந்தப் பாட்டில்களில்தான் இருந்தது.

ஊறுகாய்க்கும் இயற்பியல் ஆசிரியனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது!

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர நீர் வேண்டும். ஆனால் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு ‘கிடைக்கிறது’ என்பதே முக்கியம். தேனில் 17, 18 சதவீதம் நீர் உண்டு, கெடுவதில்லை. நிலக்கடலைப் பருப்பில் 10 சதவீதம் இருந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும். தேனில் உள்ள நீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் பிடித்து வைத்திருக்கின்றன.

இதை அளக்க ஒரு வழி உண்டு. மூடிய கலத்தில் உணவின் மேலுள்ள நீராவி அழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணே ‘நீர்ச் செயல்பாடு’. தூய நீருக்கு இது 1. தெவிட்டிய உப்புக் கரைசலுக்கு 0.75. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழும், பெரும்பாலான பூஞ்சணங்கள் 0.80-க்குக் கீழும் வளர்வதில்லை.

இனித் தொக்குக்கு வருவோம். அவசரத்தில் அதை வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடைத்து மூடியிருக்கிறார்கள். நீராவி மூடியின் அடியில் குளிர்ந்து, துளியாகிச் சொட்டியது. மேலடுக்கில் மட்டும் உப்பு நீர்த்துப்போனது. அங்கே ஈஸ்ட் வளர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டது, மூடி வீங்கியது. அம்மாவின் அளவில் பிழையில்லை. ஆனால் அம்மா பாட்டிலில் அடைத்து விற்கவில்லையே!

மூடி வீங்கியது ஒருவகையில் நல்லது; கண்ணுக்குத் தெரிந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு. வறுத்தாலும் அது முற்றிலும் அழியாது. கடலையைச் சரியாக உலர்த்துவதே வழி.

இதையெல்லாம் சிறு விவசாயிக்கும் குடிசைத் தொழில் செய்பவருக்கும் யார் சொல்லித் தருவது? செலவை யார் ஏற்பது? அமெரிக்காவில் 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமே இத்தகைய பயிற்சிக்கு மானியம் வழங்க வகைசெய்தது. அங்கே பணம் பண்ணைக்காரருக்குப் போவதில்லை. பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அமைப்புகளுக்கும் போகிறது.

நம் நாட்டில் 2020-இல், குறு உணவுத் தொழில்களுக்காக 10,000 கோடி ரூபாயில் பிரதமர் பெயரிலான திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வங்கிக் கடனுடன் இணைந்த 35 சதவீத மானியம், உச்ச வரம்பு 10 லட்சம் என்பது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. பயிற்சிக்கும் அதில் நிதி உண்டு. பயிற்சியை வழிநடத்தும் பொறுப்பு பெற்ற இரு மத்திய நிறுவனங்களுள் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1967-இல் திருவாரூரில் நெல் பதனீட்டு ஆய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம் அது.

ஊரில் மானியம் என்றதும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பயிற்சி, கடன் வாங்க ஒரு சடங்கு! எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஈரமான பாட்டிலை இரண்டு லட்ச ரூபாய் இயந்திரத்தால் நிரப்பினாலும் அது ஈரப் பாட்டில்தான்.

குழுத் தலைவியும் முதலில், “அரைவை இயந்திரத்துக்கு எவ்வளவு கிடைக்கும், சார்?” என்றுதான் கேட்டார். பயிற்சிக்குப் போய் வந்தபின் அவரே எனக்குப் பாடம் நடத்தினார்: பாட்டிலைக் கழுவி முற்றிலும் உலர்த்த வேண்டும்; தொக்கை 85 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் நிரப்பி, உடனே மூடிக் கவிழ்த்து வைக்க வேண்டும்; அந்தச் சூட்டில் மூடியின் உட்புறமும் தூய்மையாகிவிடும்.

“85 டிகிரி என்று எப்படித் தெரியும்?” என்று சீண்டினேன். இடுப்பிலிருந்த பையிலிருந்து உலோகக் குச்சி வெப்பமானி ஒன்றை எடுத்துக் காட்டினார். அரைவை இயந்திரம் இன்னும் வாங்கவில்லையாம்.