இருமொழியில் ஓர் இசைத்தொகுப்பு: மார்கோ ஹியெடலாவின் முதல் தனிப்படைப்பு

முன்னுரை

ஒரு படைப்பை அதன் படைப்பாளரே இரு மொழிகளில் தரும்போது, இரண்டாவதாக வருவது மொழிபெயர்ப்பா, மற்றொரு மூலமா என்னும் வினா எழுகின்றது. கவிதையையும் புதினத்தையும் முன்வைத்தே இவ்வினாவைப் பெரிதும் எழுப்பி வந்துள்ளோம். இசைப்பாடலில் இது மேலும் சிக்கலானது. அங்கே சொல்லின் பொருளோடு அசையின் அளவும் அழுத்தமும் இசைக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. பின்லாந்தின் ஹெவி மெட்டல் இசைக்கலைஞர் மார்கோ ஹியெடலா தம் முதல் தனித்தொகுப்பை 2019 மே மாதத்தில் பின்னிஷ் மொழியிலும், 2020 சனவரியில் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். அவரது இசைவாழ்வைச் சுருக்கமாக அறிமுகப்படுத்தி, அத்தொகுப்பின் தலைப்புகள்வழி இவ்வினாவை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

அடித்தளக் கலைஞர்

பேஸ் கிட்டார் நான்கு தடித்த கம்பிகளைக் கொண்டது. வழக்கமான கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. தாளத்தையும் சுருதியையும் இணைப்பது அதன் பணி. அது ஒலிக்கும்போது பலர் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் பாடலே வெறுமையாகிவிடும். இக்கருவியை இசைப்போர் பெரும்பாலும் மேடையின் ஓரத்திலேயே நிற்பர். ஹியெடலாவோ அக்கருவியை ஏந்தியபடியே பாடகராகவும் விளங்கியவர்.

1966இல் பிறந்த அவர், தம் அண்ணன் சகாரியுடன் இணைந்து 'டாரட்' என்னும் குழுவை நடத்தினார். அதன் முதல் தொகுப்பு 1986இல் வெளிவந்தது. 2001இல் 'நைட்விஷ்' குழுவில் சேர்ந்த பின்னரே உலகப் புகழ் அவரை நாடி வந்தது. 2002 முதல் 2020 வரை அக்குழு வெளியிட்ட முதன்மைத் தொகுப்புகள் அனைத்திலும் அவரது கருவியும் குரலும் இடம்பெற்றுள்ளன.

ஹெவி மெட்டல், 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருப்பெற்ற கலை. ஆதலால் ஆங்கிலமே அதன் பொதுமொழியாக நிலைத்தது. டாரட்டும் நைட்விஷும் பின்லாந்தில் தோன்றியும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின. நைட்விஷின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பான 'இமாஜினேரம்' ஒரே கருவைச் சுற்றி அமைந்த கருப்பொருள் தொகுப்பாகும். இறக்கும் தறுவாயிலுள்ள முதிய இசையமைப்பாளர் ஒருவரின் நினைவுலகம் அதன் கரு. அதன் முதற்பாடலான 'தைக்கதல்வி' பின்னிஷ் மொழியில் அமைந்தது. அதைப் பாடியவர் ஹியெடலா. குழந்தைமை நினைவுக்குள் நுழையும் வாயிலில் தாய்மொழி வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. எனினும், அவர் ஒரு முழுத்தொகுப்பையே பின்னிஷில் தருவதற்கு மேலும் எட்டாண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

குறிலும் நெடிலும்

பின்னிஷ் மொழியின் ஒலியியல்பு தமிழாசிரியர்களுக்கு அயலானதன்று. அங்கும் உயிரின் நீளமும் மெய்யின் இரட்டிப்பும் பொருளை மாற்றும். 'துலி' என்றால் நெருப்பு. 'தூலி' என்றால் காற்று. 'துல்லி' என்றால் சுங்கம். நம்மிடம் படு, பாடு, பட்டு, பாட்டு என்பன வேறுபடுவது போன்றதே இது. ஆகவே, இசைக்காகக் குறிலை நீட்டும்போது சொல் மயங்கும் வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் இத்தகைய தடை குறைவு. மேலும், பின்னிஷில் சொல்லின் முதன்மை அழுத்தம் எப்போதும் முதலசையிலேயே விழும்.

இப்போது தலைப்புகளை நோக்குவோம். பின்னிஷ் தொகுப்பின் பெயர் 'முஸ்தன் சுதமென் ரோவியோ'. சொல் வரிசை மாறாமல் தமிழில் 'கரிய நெஞ்சத்தின் சிதை' எனலாம். ஆங்கிலப் பெயரான 'பயர் ஆஃப் தி பிளாக் ஹார்ட்' சிதையை முன்னும் நெஞ்சத்தைப் பின்னும் வைக்கிறது. பின்னிஷில் கருமையும் நெஞ்சமும் கடந்து இறுதியில்தான் தீ மூள்கிறது. ஆங்கிலத்தில் தொடக்கத்திலேயே மூண்டுவிடுகிறது. பொருள் ஒன்றே, கேட்பவர் அதை அடையும் வழி வேறு.

'இசனி ஆனி' என்னும் பாடற்பெயரில் 'இச' தந்தையையும், 'னி' என்னும் விகுதி 'என்' என்பதையும், 'ஆனி' குரலையும் குறிக்கும். உரிமை உருபு வெளிப்படத் தோன்றவில்லை. 'எந்தை குரல்' என்னும் ஆறாம் வேற்றுமைத் தொகையே இதற்கு நெருங்கிய தமிழ் வடிவம். ஆங்கிலத்தில் இது 'தி வாய்ஸ் ஆஃப் மை ஃபாதர்' என ஐந்து சொற்களாக விரிகிறது. அழுத்தமற்ற 'தி'யில் தொடங்குகிறது. பின்னிஷ் தலைப்போ முதலசையிலேயே அழுத்தம் பெறுகிறது.

'கிவிய' என்பது எண்ணிக்கை வரையறுக்கப்படாத கற்களைக் குறிக்கும் வேற்றுமை வடிவம். மூன்று அசை கொண்டது. ஆங்கிலத்தில் அது 'ஸ்டோன்ஸ்' என ஓரசையாகச் சுருங்குகிறது. மூன்று அசை நின்ற இடத்தில் ஓரசை நிற்குமாயின், ஒன்று ஒலி நீள வேண்டும். அல்லது புதுச்சொல் புக வேண்டும். ஆகவே, பாடலை மொழிமாற்றுபவர் எழுதுபவராகவும் ஆகிவிடுகிறார்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு இன உறவு காண்பது பிழையாகும். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட மொழிகளோடு தொடர்புபடுத்த முயன்றார்; அக்கருத்தை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. இவை ஒட்டுநிலை மொழிகளின் அமைப்பு ஒற்றுமைகளே.

விலகலும் மீள்வும்

ஆங்கிலப் பதிப்பு வெளிவந்து ஓராண்டுக்குள், 2021 சனவரியில், ஹியெடலா நைட்விஷிலிருந்து விலகினார். இசைத்துறையின் வணிகப்போக்கு தமக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும், தாம் நெடுங்கால மனச்சோர்வுக்கு ஆட்பட்டிருப்பதையும் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். அவரது இரண்டாம் தனித்தொகுப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தாலும் 'தம்மிகூ' என்னும் பின்னிஷ் பாடலும் அதில் உண்டு. சனவரியைக் குறிக்கும் அச்சொல்லின் ஈறான 'கூ', நம் 'திங்கள்' போலவே நிலவையும் மாதத்தையும் ஒருங்கே உணர்த்தும். ஆங்கிலச் சொல்லில் அந்நிலவு இல்லை.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இத்தலைப்புகளே விடையளிக்கின்றன. செய்தி மொழிமாறிச் செல்லும். அசையும் வரிசையும் செல்வதில்லை. எனவே, ஆங்கிலப் பதிப்பை மற்றொரு மூலம் என்றே கொள்ளலாம். உலகச் சந்தை கேட்ட மொழியில் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பாடிய கலைஞர், தம் பெயரில் முதன்முதலாக வெளியிட்டது தாய்மொழிப் பதிப்பையே. ஆங்கிலத்தை அவர் கைவிடவில்லை. வரிசையை மட்டும் மாற்றினார். இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் மாணவரை வழிநடத்தும் நமக்கு, அவ்வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது.