கம்ப்யூட்டர் கண் பரிசோதனை மட்டும் போதுமா?

"கம்ப்யூட்டர் பார்த்தால் கண் கெட்டுவிடுமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நெடுநேரம் திரையைப் பார்த்தால் கண் வறளும், களைப்படையும், தலை வலிக்கும். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் எந்தக் கண் கோளாறு வந்தாலும் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிட்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

திருத்தணியில் இருக்கும் அப்பா ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்களில், "மவுஸ் அம்புக்குறி அடிக்கடி காணாமல் போகிறதுப்பா" என்றார். நான் சாப்ட்வேர் இன்ஜினீயர் அல்லவா? விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸைத் திறந்து பாயிண்டரைப் பெரிதாக்கினேன். கன்ட்ரோல் கீயை அழுத்தினால் பாயிண்டர் இருக்கும் இடத்தில் வட்டம் தோன்றும்படியும் செய்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அப்பா 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று போர்டு வைத்த கடை ஒன்றில் ஒரே வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினார். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கிருத்திகை அன்று மலைக்கோயிலின் 365 படிகளில் ஏறும்போது, பக்கத்தில் வந்தவர்கள் மேல் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ரயில் ஏறிச் சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் பரிசோதித்த பெண்ணை அப்பா "டாக்டரம்மா" என்று அழைத்தார். "நான் டாக்டர் இல்லைங்க ஐயா, ஆப்டோமெட்ரிஸ்ட்" என்றவர், கண் அழுத்தத்தை அளந்ததும் டாக்டரிடம் அனுப்பினார். பிறகு 'பீல்டு டெஸ்ட்' எடுத்தார்கள். கருவிக்குள் நேராகப் பார்த்தபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். மவுஸ் கிளிக் போலத்தான். பல புள்ளிகளுக்கு அப்பா அழுத்தவே இல்லை.

வந்திருந்தது கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது என்றும், இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து போட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார்.

யார், என்ன செய்வார்?

கண் மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. போன்ற கண் மருத்துவப் படிப்பும் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து தருபவர், அறுவை சிகிச்சை செய்பவர் இவரே.

ஆப்டோமெட்ரிஸ்ட்: 4 வருடப் பட்டப்படிப்பு படித்தவர். பார்வையை அளப்பார், கண்ணாடிக்குப் பவர் எழுதித் தருவார், நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவார். அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்.

ஆப்டீஷியன்: எழுதித் தந்த பவருக்கு ஏற்ற லென்ஸை பிரேமில் பொருத்தித் தருபவர். நோயைக் கண்டறிவது இவர் வேலை அல்ல.

கண் மருத்துவ உதவியாளர்: அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முகாம்களிலும் பார்வையைச் சோதித்து, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புபவர்.

கடைக் கம்ப்யூட்டர் எதை அளக்கிறது?

ஆட்டோ ரிஃப்ராக்டர் என்ற அந்தக் கருவி, கண்ணின் பவரை அளந்து சீட்டு அடித்துத் தரும். அவ்வளவுதான். கண்ணைக் கேமரா என்று வைத்துக்கொண்டால், அது லென்ஸை மட்டும் பார்க்கிறது. கிளாக்கோமாவில் பழுதாவது மூளைக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிள், அதாவது பார்வை நரம்பு. கேபிள் பழுதானால் லென்ஸை மாற்றி என்ன பயன்? பெரும்பாலும் வலியும் இருக்காது. சிலருக்கு அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதே நரம்பு பழுதாகும். அதனால் நரம்பையும் பார்க்க வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றும் முன் கண் மருத்துவரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையை வருடத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம்; 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. பெற்றோருக்கு கிளாக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், நானும் பரிசோதித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் "மவுஸ் காணோம்" என்றால், செட்டிங்ஸை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.