ரஹ்மானின் பிராசாதம்

அகமதாபாத் நகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் பள்ளிவாசல்களை ஒரு பட்டியலாகவும் கோயில்களை வேறொரு பட்டியலாகவும் கொண்டு செல்வர். தத்தமக்கு உரியதைக் கண்டு மீள்வர். ஆயின், அந்நகரின் கற்கள் இப்பிரிவினைக்கு இசைவதில்லை.

கி.பி. 1411-இல் முதலாம் அஹ்மத் ஷா இந்நகரை நிறுவினார். 1414-இல் அவர் கோட்டையினுள் எழுப்பிய பள்ளியில் பழைய கோயில் தூண்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. இவ்வுண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரலாறு அத்துடன் முடிந்துவிடவுமில்லை. 1424-இல் நிறைவுற்ற ஜாமிஆப் பள்ளியில் 260 தூண்கள் 15 குவிமாடங்களைத் தாங்குகின்றன. அதன் மினாராக்களின் மேற்பகுதி 1819-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. எஞ்சிய அடிப்பகுதிகள் பள்ளிக்கெனவே செதுக்கப்பட்டவை. கோயிற் சுவரில் காண்பன போன்ற மாடங்கள் அவற்றிலும் உள்ளன. ஆனால், அங்கே தெய்வ உருவம் நிற்கும் இடத்தில் இங்கே கொடியும் மலரும் படர்கின்றன. வடிவம் கோயில் மரபினது. உருவம் விலக்கியது இஸ்லாத்தின் நெறி. 1572-73-இல் கட்டப்பட்ட சீதி சையித் பள்ளியின் புகழ்பெற்ற கற்சாளரத்தில் அக்கொடியே முழு மரமாய் வளர்ந்து நிற்கிறது.

இவற்றைச் செதுக்கியோர் கோயில் கட்டும் மரபில் வந்த சிற்பியர். மேற்கிந்தியச் சிற்ப நூலாகிய 'விருக்ஷார்ணவம்' பள்ளிவாசல் அமைக்கும் முறையையும் சமஸ்கிருதத்திலேயே விளக்குகிறது. அது பள்ளிவாசலுக்குச் சூட்டிய பெயர் 'ரஹ்மாண பிராசாதம்'. கோயிலைக் குறிக்கும் சொல்லோடு இறைவனின் திருநாமத்தை இணைத்த அச்சிற்பியர்க்குப் பள்ளிவாசல் அந்நியக் கட்டடமாய்த் தோன்றவில்லை.

அசர்வாவிலுள்ள படிக்கிணறு மற்றொரு சான்று. சுல்தான் மஹ்மூத் பேகடாவின் அரண்மனை மகளிர் பகுதியின் மேற்பார்வையாளராயிருந்த பாயீ ஹரீர் 1499-இல் இதனை அமைத்தார். அறச்செயலைப் பதிவு செய்ய அரபியில் ஒன்றும் சமஸ்கிருதத்தில் ஒன்றுமாக இரு கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. நாற்றிசையினின்றும் தாகத்தோடு வரும் மனிதர்க்கும் விலங்குகட்கும் பறவைகட்கும் இந்நீர் உரியது என்பது சமஸ்கிருதக் கல்வெட்டின் கருத்து.

அவ்வுளியின் மரபு சுல்தான்களோடு அற்றுவிடவில்லை. 1848-இல் நிறைவுற்ற ஹட்டீசிங் சமணக் கோயிலின் வெண்பளிங்கு வேலைப்பாட்டை, ஜாமிஆப் பள்ளியைக் கண்ட கண்ணோடு காண்போர் அதனை அடையாளம் காண்பர்.

2002-இல் இதே நகரில் உருதுக் கவிஞர் வலீ தக்கனியின் அடக்கத்தலம் இடித்து அகற்றப்பட்டு, அவ்விடத்தின்மீது சாலை போடப்பட்டது. 2017-இல் அகமதாபாத் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. கல்லைக் காப்பதற்கு அறிவிப்பு மட்டும் போதாது; அதனைத் தமது உடைமையென உணரும் மக்களும் வேண்டும். ஆதலின் அகமதாபாத் செல்வோர் பள்ளியைக் கண்டபின் கோயிலையும், கோயிலைக் கண்டபின் பள்ளியையும் காண்பாராக. ஒன்றைக் காணாதார் மற்றதையும் முழுமையாய்க் கண்டவராகார்.