ஆமைக்கு ஒரு வாசல்!

2025 ஜனவரி மாதம். சென்னைக் கடற்கரையில் பெரிய பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி இருந்தன. கழுத்து வீங்கி இருந்தது. சென்னையிலும் பக்கத்துக் கரைகளிலுமாக, அந்தப் பருவத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இப்படி மடிந்தன.

இவை பங்குனி ஆமைகள். ஆண்டுதோறும் முட்டையிட இந்தக் கரையைத் தேடி வருகின்றன. தாய் ஆமை இரவில் மணலைத் தோண்டி, சுமார் 100 முட்டைகள் இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

இவற்றைக் கொல்வது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலிக்கு உள்ள பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு.

அப்படியானால் இவை சாவது எப்படி?

வலைக்குள் மூச்சுத் திணறல்

ஆமையைக் கொல்ல வேண்டும் என்று எந்த மீனவரும் கடலுக்குப் போவதில்லை. அவர் தேடுவது இறால். இறால் கடலின் அடித்தரையில் இருக்கும். அதைப் பிடிக்க, விசைப்படகுகள் பை போன்ற இழுவலையைத் தரையோடு இழுத்துச் செல்கின்றன. வலை மேலே வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆமை சிக்கிவிட்டால், வெளியேற வழி இல்லை.

ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா இருக்கும்போது நெடுநேரம் மூச்சை அடக்கும். வலையில் தவிக்கும்போது மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். கடலில் வாழும் பிராணி, கடலிலேயே மூழ்கிச் சாகிறது!

மீனவர் கண்ட வழி

இதற்கு வழி கண்டவரும் ஓர் இறால் மீனவரே. அவர் பெயர் சிங்கி பூன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் தொல்லை கொடுத்தவை ஜெல்லி மீன்கள். அவை கூட்டமாக வந்து வலையை அடைத்துக்கொண்டன. ஆகவே வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினார். அதன் அருகே வலையில் ஒரு வாசல் வைத்தார்.

சிறிய இறால், கம்பிகளுக்கு இடையே புகுந்து பைக்குள் போயிற்று. பெரியவை கம்பியில் முட்டி, வாசல் வழியே வெளியேறின. ஆமையும் இப்படித் தப்பிக்கும் என்பது பிறகு தெரிந்தது.

1989-ல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. ஆமைகளைக் காக்காத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்பதே அது. நம் நாட்டுப் படகுகளுக்கு ஏற்ற சட்டத்தைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செய்திருக்கிறது.

"வாசல் வழியே இறாலும் போய்விடுமே!" என்பது மீனவர்களின் கவலை. டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு கூடை இறாலும் பெரிதுதான். ஆனால், 40 கிலோ ஆமை பைக்குள் விழுந்தால் இறாலும் நசுங்கும், வலையும் கிழியும். வெளிநாட்டுச் சந்தையும் போய்விடும்.

ஒரு பங்குனி ஆமை தாயாக 10 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அது சாவதற்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அதைக் காப்பாற்ற, வலையில் ஒரு வாசல் போதும்!